வளையத்தின் உச்சியில் விழும் கோலிக்குண்டு: ஆலோசனை தேவை

குழுவினருக்கு வணக்கம். நான் தண்டையார்பேட்டையில் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் கற்பிக்கிறேன். ரோலர் கோஸ்டரை விளக்குவதற்காக, ஏசி குழாய்க்குப் போர்த்தும் கருப்பு நுரைக்குழாயை நெடுக்கில் பிளந்து, 10 செ.மீ. ஆரமுள்ள வளையம் அமைத்துக் கோலிக்குண்டை உருட்டினேன். உச்சியில் விழாமல் வளையத்தைச் சுற்றிவர, உராய்வின்றி வழுக்கும் பொருளை வளையத்தின் அடியிலிருந்து ஆரத்தைப்போல் 2.5 மடங்கு உயரத்தில் விட்டால் போதும். உருளும் குண்டு ஆற்றலில் ஒரு பங்கைச் சுழற்சிக்குக் கொடுத்துவிடுவதால் ஏறத்தாழ 2.7 மடங்கு, அதாவது 27 செ.மீ. வேண்டும். ஆனால் 40 செ.மீ. உயரத்திலிருந்து விட்டாலும் அது உச்சியில் தடத்தை விட்டு விழுகிறது. “சார், அது பெல்ட் போடல” என்றான் கடைசி பெஞ்சு மாணவன். போதிய வேகம் இருந்தால் பெல்ட்டே தேவையில்லை என்று விளக்க அதுவே வாய்ப்பாயிற்று.

குண்டு நுழையும்போது நுரை அதிர்வதை விரல் வைத்தால் உணர முடிகிறது. ஆற்றல் அங்கேதான் வீணாகிறது என்று கருதுகிறேன். வளையக்கூடிய, ஆனால் இதைவிட விறைப்பான தடத்தைப் பாரிமுனைக் கடைகளில் என்ன பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்?

வட்ட வளையத்தின் அடியில் பயணியை அவர் எடையைப்போல் ஆறு மடங்கு விசை அழுத்தும் என்பதால்தான் இன்றைய வளையங்கள் நீர்த்துளி வடிவில் அமைகின்றன. அந்த வளைவை அட்டையில் வரையும் எளிய முறை தெரிந்தவர்களும் தெரிவிக்க வேண்டுகிறேன்.