சொல் தேவை: ஃப்ளைட் சிமுலேட்டர், கரன்சி, ப்ரொஃபிஷியன்சி

எல்லாருக்கும் வணக்கம். கையில ஒரு மொழிபெயர்ப்பு வேலை இருக்கு. சொந்தமா பைலட் லைசென்ஸ் வச்சிருக்கறவங்க அடிக்கடி பறக்க வசதியில்லாதப்ப வீட்டு கம்ப்யூட்டர்ல சிமுலேட்டர் போட்டு பழகி, டச் விட்டுப்போகாம பாத்துக்கறது பத்தின கட்டுரை. மூணு சொல் இடிக்குது. சிமுலேட்டருக்கு பாவிப்பி, போலச்செய்கருவி, உருவகப்படுத்தி, ஒப்புருவாக்கின்னு ஆளுக்கொண்ணு எழுதி வச்சிருக்காங்க, எதை எடுக்கறதுன்னு தெரியல. கரன்சிக்கு மெஷின்ல போட்டா நாணயம்னு வருது, "விமானி தன் நாணயத்தைக் காத்துக்கொள்ள வேண்டும்"னு ஒரு வாக்கியம், ஏதோ கைசுத்தத்தைப் பத்தி புத்தி சொல்ற மாதிரி இருக்கு. ப்ரொஃபிஷியன்சிக்கு தேர்ச்சின்னு போட்டேன், ஆனா கட்டுரையில இந்த ரெண்டையும் எதிரெதிரா வச்சு பேசுறாங்க, தமிழ்ல அந்த எதிர்ப்பு தெரியவே மாட்டேங்குது. உதவுங்க.

-----

மறு: சொல் தேவை

வணக்கம். பாவிப்பி, பாவனையாக்கி ரெண்டும் வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன். எங்கட பக்கம் பாவிக்கிறது எண்டா பயன்படுத்துறது. சவர்க்காரம் பாவிக்கிறம், பாவனையாளர் எண்டா யூசர். பறப்புப் பாவிப்பி எண்டு எழுதினா யாழ்ப்பாணத்தில இருக்கிற ஆள் என்னத்தை விளங்கிக்கொள்ளும் சொல்லுங்கோ. அதோட பைலட்டுக்கு வானோடி எண்ட சொல்லும் எங்களிட்ட புழக்கத்தில இருக்கு, விமானி மட்டும்தான் எண்டு நிக்காதேங்கோ.

-----

மறு: மறு: சொல் தேவை

போலச்செய்கருவி இருக்கறதால போலிப்பறப்புன்னு சுருக்கிடலாமே? இல்லாட்டி இப்ப எல்லாரும் மெய்நிகர் மெய்நிகர்னு சொல்றாங்களே, மெய்நிகர் பறப்பு. திறமையை ஷார்ப்பா வச்சுக்கறதுக்கு சாணைப்பயிற்சி. சாணை பிடிக்கறதுன்னா யாருக்கும் விளக்க வேண்டாம்.

-----

மறு: மறு: மறு: சொல் தேவை

இழையை இப்பதான் முழுசா படிச்சேன். நான் இங்க அமெரிக்காவுல வாடகைக்கு செஸ்னா 172ன்ற சின்ன விமானத்தை எடுத்து ஓட்டுறவன், கருவிகளை மட்டும் பாத்து ஓட்டறதுக்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இருக்கு, வீட்டுலயும் ஒரு யோக் (விமானத்தைத் திருப்பற பிடி), ரெண்டு பெடல், எக்ஸ்-பிளேன்ற சிமுலேட்டர் சாஃப்ட்வேர்னு ஒரு மூலை இருக்கு, வீட்டம்மா அந்த மூலைக்கு வச்சிருக்கற பேரை இங்க எழுத முடியாது. அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

> போலிப்பறப்புன்னு சுருக்கிடலாமே?

வேண்டாங்க. போலி டாக்டர் மாதிரி போலி விமானின்னா நம்ம ஊர் பேப்பர்ல வேற அர்த்தம். 2011ல போலி மதிப்பெண் சான்றிதழ் குடுத்து லைசென்ஸ் வாங்கினவங்க மாட்டினப்ப எல்லா பேப்பர்லயும் அந்த சொல்தான் ஓடுச்சு. போலிப்பறப்புல பழகின விமானின்னு எழுதினா எவனும் அந்த விமானத்துல ஏற மாட்டான். மெய்நிகர் பறப்பு காதுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா தலையில கண்ணாடி மாட்டிக்கிற வி.ஆர். சமாச்சாரம் அந்த சொல்லை ஏற்கனவே எடுத்துக்கிச்சு.

மொதல்ல கரன்சியை தெளிவு பண்ணிடலாம், சிமுலேட்டருக்கு என்ன சொல்லுன்னு அதுலயே பாதி பதில் இருக்கு. இங்க சட்டம் என்னன்னா, மேகத்துக்குள்ள வெளிய எதுவும் தெரியாம கருவிகளை மட்டும் பாத்து ஓட்டணும்னா முந்தின 6 மாசத்துக்குள்ள 6 அப்ரோச் (இறங்கறதுக்கு ரன்வேயை நெருங்கற முறை), அதோட ஹோல்டிங் (வானத்துலயே சுத்திக் காத்திருக்கறது), அப்புறம் ஒரு பாதையை பிடிச்சு அதுமேலயே விலகாம போறது, இவ்வளவும் செஞ்சிருக்கணும். கூட யாரையாவது ஏத்திக்கிட்டு போகணும்னா 90 நாளுக்குள்ள 3 தடவை விமானத்தை மேல ஏத்தி தரை இறக்கியிருக்கணும். இதைத்தான் கரன்சின்றாங்க. வெறும் கணக்கு, பறந்ததை எழுதி வைக்கற லாக்புக்கை புரட்டினா ஆமா இல்லன்னு ஒரே சொல்லுல பதில் வந்துடும். இதுக்கு நடப்புத்தகுதின்னு வைக்கலாம்னு தோணுது. நடப்பு ஆண்டு, நடப்புக் கணக்குன்னு பேங்குல பாக்கறோம், தேதி போனா காலாவதி ஆயிடும்ன்ற தொனியும் அதுல இருக்கு.

ப்ரொஃபிஷியன்சி வேற ஜாதி. ஒருத்தர் நல்ல வெயில் நாள்ல கண்ணுக்கு வெளிய தெரியாதபடி மறைப்பு மாட்டிக்கிட்டு, பக்கத்துல சேஃப்டி பைலட்டை உக்கார வச்சுக்கிட்டு, பாதி வேலையை ஆட்டோபைலட்கிட்ட குடுத்துட்டு ஒரே மத்தியானத்துல ஆறையும் முடிச்சுடலாம். சட்டப்படி அடுத்த ஆறு மாசத்துக்கு அவர் சரியான ஆள். அஞ்சாவது மாசம் நிஜமான மேகம், இருட்டு, தரையில இருந்து வழி சொல்ற கன்ட்ரோலர் கடைசி நிமிஷத்துல ரன்வேயை மாத்தறார், அப்ப அவர் கை என்ன செய்யும், புத்தி எங்க போகும்ன்றது லாக்புக்ல இல்ல. இதுக்கு தேர்ச்சின்னு மட்டும் போட்டா பரீட்சை ரிசல்ட் மாதிரி ஆயிடுது. நம்ம பேச்சுலயே கைதேர்ந்த ஆள்னு சொல்றோமே, அதுல இருந்து கைதேர்ச்சி. நடப்புத்தகுதி இருக்கு, கைதேர்ச்சி இல்ல, இப்படி எழுதிப் பாருங்க, எதிர்ப்பு தானா வந்துடும்.

இப்ப வீட்டு மூலைக்கு வரேன். சட்டக் கணக்குல அது சைபர். இங்க விமானத்துறையை கட்டுப்படுத்தற அரசு அமைப்பான எஃப்.ஏ.ஏ. கடிதம் குடுத்து ஒத்துக்கிட்ட கருவின்னு தனியா இருக்கு, பேசிக், அட்வான்ஸ்டுன்னு ரெண்டு தரம், அதுல செஞ்ச அப்ரோச் கணக்குல சேரும். முன்னெல்லாம் அதுக்கும் பக்கத்துல ஒரு இன்ஸ்ட்ரக்டர் உக்காந்திருக்கணும், 2018ல விதியை மாத்தி தனியா செஞ்சாலும் செல்லும்னு விட்டாங்க. அந்த மாதிரி கருவிகள் சிலதுக்குள்ள ஓடறதும் இதே எக்ஸ்-பிளேன்தான், அங்க ஓடினா அனுபவம், என் மேஜையில ஓடினா விளையாட்டு. ஆனா கைதேர்ச்சின்னு பாத்தா கதையே வேற, அந்த மூலைதான் சோறு போடுது. 2000கள் ஆரம்பத்துல இலினாய் பல்கலைக்கழகத்துல எஃப்.ஏ.ஏ.வுக்காக ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, சாதாரண பிசியை வச்சு கட்டின கருவியில பழகினவங்க, விலை ஜாஸ்தியான கருவியில பழகினவங்க, நிஜ விமானத்துல பழகினவங்க, எதுவுமே பழகாதவங்கன்னு பிரிச்சு ஆறு மாச இடைவெளியில சோதிச்சாங்க, பிசி ஆளுங்க மத்த ரெண்டு கூட்டத்துக்கும் சளைக்கல, சும்மா இருந்தவங்கதான் பின்தங்கினாங்க.

எதுல உதவுதுன்னு கேட்டா எனக்கு மொதல்ல தோணறது வேக்குவம் பம்ப். பழைய செஸ்னாவுல அந்த பம்ப் போச்சுன்னா விமானம் எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு காட்டற ஆட்டிட்யூட் இண்டிகேட்டர் பட்டுன்னு நிக்காது, உள்ள சுத்தற ஜைரோ மெதுவா வேகம் குறைஞ்சு கொஞ்சம் கொஞ்சமா சாயும், விமானம்தான் சாயுதுன்னு நம்பி பைலட் எதிர்ப்பக்கம் திருப்புவார், நேரா இருந்த விமானம் அப்பதான் நிஜமாவே சாய ஆரம்பிக்கும். நிஜ விமானத்துல இன்ஸ்ட்ரக்டர் இதை எப்படி சொல்லிக்குடுப்பார்னா ஒரு ரப்பர் வில்லையை எடுத்து அந்த டயல் மேல ஒட்டுவார். ஒட்டினதும் தெரிஞ்சு போச்சே, எது செத்துச்சுன்னு! செத்துக்கிட்டிருக்குன்னு கண்டுபிடிக்கறதுதானே கஷ்டமே. சிமுலேட்டர்ல எப்பவாவது கெட்டுப்போன்னு விட்டுட்டா சொல்லாம கொள்ளாம சாகும், மத்த டயல் எல்லாத்தையும் மாத்தி மாத்தி பாக்கற பழக்கம் இல்லாதவன் அங்கேயே மாட்டிக்குவான். அந்த பழக்கம் எனக்கு வீட்டுலதான் ஒட்டுச்சு. டயலுக்கு பதிலா திரை வச்ச ஜி1000 பேனல்ல எந்த பட்டனை எந்த வரிசையில அமுக்கறது, மிஸ்டு அப்ரோச் ஆனா, அதாவது இறங்க முடியாம திரும்ப மேல ஏற வேண்டி வந்தா, அடுத்த பத்து செகண்டுல என்னென்ன, ஹோல்டிங்குக்குள்ள எந்தப் பக்கமா நுழையறது, இதெல்லாமும் அப்படித்தான், எஞ்சின் ஓட ஓட வாடகை ஏறிக்கிட்டிருக்கறப்ப கத்துக்கற விஷயமே இல்ல. ரேடியோ பேச்சுக்கு வாட்சிம்னு சிமுலேட்டர் ஆளுங்களுக்கான ஆன்லைன் வலை இருக்கு, தன்னார்வமா உலகம் பூரா ஆளுங்க கன்ட்ரோலரா உக்காந்திருப்பாங்க, காசு கிடையாது, தப்பா சொன்னா திருத்துவாங்க, சில பேர் கொஞ்சம் ஜாஸ்தியாவே திருத்துவாங்க.

கைக்கு வர்ற உணர்ச்சி மட்டும் இதுல வரவே வராது. நிஜ யோக்ல காத்தோட அழுத்தம் கையில தெரியும், ட்ரிம் சக்கரத்தை உருட்டி அந்த அழுத்தம் போற வரைக்கும் சரி பண்ணுவோம், வீட்டு யோக்ல இருக்கறது ஸ்ப்ரிங், எவ்வளவு ட்ரிம் பண்ணாலும் அது நடுவுக்கேதான் இழுக்கும். தரையை நெருங்கறப்ப மூக்கைத் தூக்கற நேரம் ஓரக்கண்ணுல தரை எழும்பி வர்றதை வச்சு தெரியறது, ஒரு மானிட்டர்ல அது எங்க வரும். அதைவிட பெரிய விஷயம் காது. மேகத்துக்குள்ள உள்காது பொய் சொல்லும், திரும்பிக்கிட்டே இருந்தாலும் நேரா போற மாதிரி தோணும். 1954ல அதே இலினாய்ல 20 பேரை, இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சி இல்லாதவங்களை, வெளிய தெரியாத நிலையில ஓட்ட விட்டாங்க, இருபது பேருமே கட்டுப்பாட்டை விட்டாங்க, சராசரியா 178 செகண்டுல. என் நாற்காலி அசையறதே இல்ல, அதனால என் காது பொய் சொல்றதும் இல்ல, அந்த வகையில வீட்டுல ஓட்டறது ஏமாத்து சுலபம். கெட்ட பழக்கம் வேற ஒண்ணு ஒட்டிக்கும், சிமுலேட்டர்ல ரொம்ப வருஷம் இருந்துட்டு முதல் முறையா நிஜ விமானத்துக்கு வர்றவங்க கண்ணை ஜன்னல் பக்கமே திருப்ப மாட்டாங்க, டயலையே பாத்துக்கிட்டிருப்பாங்க, இன்ஸ்ட்ரக்டர் பேனலை ஒரு சார்ட்டால மூடி வச்சு பழக்கறதும் உண்டு.

இவ்வளவும் ஏன் சொல்றேன்னா, இங்க நடக்கறது பறப்பை நகல் எடுக்கற வேலை இல்ல. எந்த வரிசையில என்ன செய்யணும்னு மனசுல பதிய வைக்கற வேலை. கம்ப்யூட்டரே இல்லாம சும்மா நாற்காலியில உக்காந்து கண்ணை மூடி கையை காத்துல நீட்டி நீட்டி செக்லிஸ்ட் சொல்லிப் பாக்கற பழக்கம் பைலட்டுங்ககிட்ட உண்டு, சேர் ஃப்ளையிங்ம்பாங்க, பாக்கறவங்களுக்கு பைத்தியம் மாதிரி இருக்கும். வீட்டு சிமுலேட்டர் அதோட தம்பி. நாடகத்துக்கு முன்னாடி செய்வாங்களே, ஒத்திகை, அதேதான். கருவிக்கு ஒத்திகைப்பொறி, செய்யற காரியத்துக்கு பறப்பு ஒத்திகை. இதுதான் என் பரிந்துரை.

இங்கிலீஷ்லயே இதுக்கு ஆதாரம் இருக்கு. 1929ல எட்வின் லிங்க் நியூயார்க் மாநிலத்துல பிங்காம்டன் ஊர்ல பைலட்டுங்க தரையிலயே உக்காந்து பழகற தன்னோட முதல் பெட்டியை செஞ்சார், அவங்க குடும்பத்தொழில் ஆர்கன் இசைக்கருவி செய்யறது, அதனால ஆர்கன் துருத்தியை வச்சே பெட்டியை ஆட்டி அசைச்சார். 1934ல அமெரிக்க ராணுவம் தபால் விமானம் ஓட்டப்போய் மோசமான வானிலையில வரிசையா பைலட்டுகளை இழந்த பிறகுதான் அதை வாங்கினாங்க. அந்தப் பெட்டிக்கு பேரு லிங்க் ட்ரெய்னர், சிமுலேட்டர் இல்ல. இன்னைக்கும் சட்டத்துல ஃபுல் ஃப்ளைட் சிமுலேட்டர்ன்ற பேரை ஏர்லைன் ஆளுங்க பழகற அந்த பெரிய அறைக்குத்தான் வச்சிருக்காங்க, மத்தது எல்லாம் ட்ரெய்னிங் டிவைஸ். அந்த பெரிய அறைக்கு வேணா ஒப்புருவாக்கின்னு இருக்கட்டும், அது நிஜமாவே ஒப்புருதான்.

சாணைப்பயிற்சி எனக்கு ஒட்டல. ஷார்ப்புன்றதை அப்படியே எடுத்த மாதிரி இருக்கு, அதோட சாணை பிடிச்சா முனை முழுசுக்கும் பிடிச்ச மாதிரி ஆகும், இங்க பாதி முனைக்கு இது எட்டவே எட்டாது.

-----

மறு: மறு: மறு: மறு: சொல் தேவை

சாணையை விட்டுட்டேன் சார். ஆனா ரெண்டு சந்தேகம். ஒண்ணு, ஒத்திகைன்னா 2024 அக்டோபர்ல மெரினாவுல விமானப்படை சாகசம் நடந்துச்சே, அதுக்கு முந்தின நாள்களெல்லாம் நிஜ விமானத்தை ஓட்டிப் பாத்ததைத்தான் பேப்பர்ல ஒத்திகைன்னு போட்டாங்க. பறப்பு ஒத்திகைன்னு படிக்கறவன் வானத்தைத்தான் அண்ணாந்து பாப்பான். ரெண்டு, கைக்கு பழக்கமே வராதுன்னு நீங்களே பத்தி பத்தியா எழுதிட்டு, அப்புறம் கைதேர்ச்சிக்கு அந்த மூலைதான் சோறு போடுதுன்னா எப்படி?

-----

மறு: மறு: மறு: மறு: மறு: சொல் தேவை

> வானத்தைத்தான் அண்ணாந்து பாப்பான்

நியாயம். அப்ப பறப்பை எடுத்துட்டு தரை ஒத்திகைன்னு வச்சுக்கலாம். நாற்காலி, லிங்க் பெட்டி, வீட்டு கம்ப்யூட்டர் எல்லாமே தரையிலதானே நடக்குது, சொல்லும் குட்டையா ஆச்சு. தரைப்பறப்புன்னுகூட யோசிச்சேன், தாழ்வா பறக்கறதுன்னு அர்த்தமாயிடும், வேண்டாம்.

> கைக்கு பழக்கமே வராதுன்னு நீங்களே

கைதேர்ந்த வக்கீல்னு சொல்றோமே, அவர் கையால என்ன பண்றார்? கைதேர்ந்தன்றதுல கை எப்பவோ போயாச்சு, முழு ஆளுக்கும் ஆகிற சொல் அது. யோக், ட்ரிம், தரை இறக்கறது இதுக்கெல்லாம் தனியா சொல் வேணும்னா கைப்பழக்கம் இருக்கவே இருக்கு. "தரை ஒத்திகையால் கைப்பழக்கம் வளராது, முறைகளில் கைதேர்ச்சி குறையாமல் இருக்கும்." கட்டுரையில இப்படி ஒரு வரி போட்டா போதும்.

யாழ்ப்பாண நண்பருக்கு, வானோடி எனக்கு விமானியைவிட பிடிச்சிருக்கு, இந்த பட்டியல்ல ரெண்டையும் போட்டுடலாம். நடப்புத்தகுதி உங்க பக்கம் எப்படி விளங்கும்னு மட்டும் சொல்லுங்க.

அப்புறம் ஹோல்டிங் பாக்கி இருக்கு. பேப்பர்ல "வானில் வட்டமடித்த விமானம்"னு எழுதறாங்க, ஆனா அது வட்டமே இல்ல, ரெண்டு நேர்கோடு, ரெண்டு வளைவு, ரேஸ் மைதானம் மாதிரி நீள்வட்டம், காத்துக்கேத்த மாதிரி திசையை வேற திருத்திக்கிட்டே இருக்கணும். காத்திருப்புச் சுற்றுன்னு ஒண்ணு மனசுல இருக்கு, புது இழை தொடங்கறேன், அங்க திட்டுங்க.