நம் பழைய ஸ்டோர் ஊழியத் தலைமையகமாவது குறித்து

சங்க உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நம் தோட்டத்துப் பழைய ஸ்டோரை, அதாவது மூடிக்கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலையை, அப்புத்தளைப் பக்கத்தில் நெடுங்காலமாகப் பணியாற்றி வரும் கிறிஸ்தவ ஊழியம் ஒன்று குத்தகைக்கு எடுத்துத் தன் தலைமையகமாக மாற்றவிருப்பதையும், அதற்குச் சங்கத்தின் உதவியை நாடியிருப்பதையும் செயலாளர் அண்ணன் அறிவித்திருந்தார். உதவ வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் நாம் சேர்க்கும் பணம் முகப்புக்கும் பெயர்ப்பலகைக்கும் போவதற்கு முன், குத்தகைப் பத்திரத்துக்கும் தளத்துக்கும் பின்பக்கத்து மேட்டுக்கும் போக வேண்டும்.

மெஷின் நின்ற ஸ்டோர் ஆளில்லாமல் கிடந்தால் முதலில் தகரம் கழன்று போகும். பிறகு மழை இறங்கிப் பலகை உளுத்துவிடும். கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட ஸ்டோர் 2001இல் தேயிலை அருங்காட்சியகமானது. கந்தப்பளை ஹெதர்செட் ஸ்டோர், வெளித்தோற்றம் மாறாமல் சுற்றுலா விடுதியாயிற்று. இரண்டும் நன்றாகவே செய்யப்பட்டவை. என்றாலும் கொழுந்து சுமந்து கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாள்தோறும் புழங்கும் இடங்கள் என்று அவற்றைச் சொல்ல முடியாது. நம் ஸ்டோர் அப்படியோர் இடமாகலாம் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. மலையகத்தில் ஊழியம் தேயிலைக்கும் மூத்தது: லூல்கந்துரையில் தேயிலை பயிரிடப்பட்டது 1867இல், தமிழ்க் கூலி மிஷன் என்று அன்று பெயரிடப்பட்ட பணியோ கோப்பிக் காலத்தில், 1854இலேயே தொடங்கிவிட்டது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக் காம்பராவிலும் வாடகை மாடியிலும் கூடி வந்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு கூரை வேண்டும் என்பது நியாயமான ஆசை.

இப்போது வரைபடத்துக்கு வருகிறேன். ஆராதனை மண்டபத்தை மேல்மாடியில் காட்டியிருக்கிறார்கள். அந்த மாடிகள் கொழுந்து வாட்டுவதற்காகக் கட்டப்பட்டவை. வரிசையாக இத்தனை சன்னல்கள் இருப்பதும் காற்று ஊடாடுவதற்காகத்தான். தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பிய கொழுந்தின் பாரத்துக்கு அளவெடுத்துப் போட்ட பலகைத் தளத்தில், நூற்றுக்கணக்கானோர் ஒன்றாக எழுந்து கைதட்டிப் பாடுவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அனுப்பியிருக்கும் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள்: பலகை இடுக்குகளில் இன்னும் தேயிலைத் தூள் படிந்திருக்கிறது, காற்றடிக்கும் பக்கத்து மூலையில் குறுக்குமரம் ஒன்று கறுத்து, நுனியில் நார் நாராகப் பிரிந்து கிடக்கிறது. கீழ்த்தளம் அப்படியல்ல. கொழுந்தை உருட்டும் ரோலர் மெஷின்களின் பாரத்தையும் அதிர்வையும் ஆண்டுக்கணக்கில் தாங்கிய சீமெந்துத் தரை அது. மண்டபம் அங்கேயே அமையட்டும். மேலே அலுவலகமும் பிள்ளைகள் படிக்கும் அறையும் போதும், அதுவும் மரங்களைச் சோதித்த பிறகுதான். தகரத்துக்கு அடியில் மேற்தட்டு அடிக்காவிட்டால், பெருமழையில் போதகரின் குரல் முன்வரிசைக்குக்கூட எட்டாது.

எல்லாவற்றிலும் எனக்கு அச்சம் தருவது பின்பக்கத்து மேடு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்களோடு மண்ணுக்குள் போனவர்கள் நம் மாவட்டத்துச் சனங்கள். இவ்வளவு பெரிய கூரையில் விழும் தண்ணீர் முழுவதும், தூர்ந்துபோன கானிலிருந்து (வடிகாலிலிருந்து) வழிந்து மண்ணில் இறங்கிக்கொண்டிருக்கிறது. கானை வெட்டித் திருத்துவதும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையை எடுப்பதும் சுவருக்கு வர்ணம் பூசுவதற்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும்.

பத்திரத்தைப் பொறுத்தவரை, 1992 முதல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனாலும் காணி அரசுடையதே. ஆகவே கம்பனியின் கையெழுத்து மட்டும் போதாது. கம்பனிக்கே உள்ள குத்தகைக் காலத்தைத் தாண்டி ஊழியத்துக்கு யாரும் உரிமை எழுதிக் கொடுக்கவும் முடியாது. வழிபாட்டிடங்களுக்கு அமைச்சின் அனுமதி கோரிய 2008 சுற்றறிக்கைக்குப் பிறகு சபைகள் பட்ட பாட்டை நாம் அறிவோம் என்பதால், அந்தக் கடிதப் போக்குவரத்தையும் இப்போதே தொடங்குவது நல்லது. மாரியம்மன் தேர் ஸ்டோர் வாசலைக் கடந்தே போகிறது. கோயில் பரிபாலன சபையினரோடு போதகர் ஐயா முன்கூட்டியே உட்கார்ந்து பேசினால், பாதைக்கும் நேரத்துக்கும் இடைஞ்சல் வராது.

பத்திரத்தின் பிரதியும் மண்சரிவு அறிக்கையும் கைக்கு வந்ததும் முதல் தவணையை அனுப்பலாம் என்று முன்மொழிகிறேன். நம்மில் கட்டடப் பொறியியலாளராக இருப்பவர்கள் வரைபடத்தையும் அந்தக் குறுக்குமரத்தின் படத்தையும் பார்த்து, தங்கள் கருத்தை அடுத்த கூட்டத்துக்கு முன் எழுதும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.