கிரீன்லாந்துக்கு ஏன் ஃபுட்பால் டீம் இல்லை? பையனுக்குப் பதில் சொல்ல முடியவில்லை

பீளமேட்டுக்காரன் கேட்டது:

பையன் ஐந்தாம் வகுப்பு. ஹாலில் உலக வரைபடம் ஒட்டி, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆடும் ஒவ்வொரு நாட்டிலும் குண்டூசி குத்திக்கொண்டு வருகிறான். சான் மரினோவுக்கு ஊசி குத்த இடமே இல்லை, குத்தினால் இத்தாலியில் பாதி போய்விடுகிறது. ஃபரோ தீவுகளுக்குக் கிட்டத்தட்டக் கடலில்தான் குத்தினான். அப்புறம் கொஞ்சம் மேலே பார்த்துவிட்டு, "இவ்ளோ பெருசா வெள்ளையா இருக்கே, இதுக்கு ஏன்ப்பா டீம் இல்லை?" என்றான்.

"அங்கே முழுக்கப் பனி, யாரும் விளையாட மாட்டாங்க" என்று சமாளித்தேன். மறுநாள் யூடியூபில் ஒரு வீடியோவைக் கொண்டுவந்து காட்டினான். பின்னால் கடலில் பனிப்பாறை மிதக்கிறது, முன்னால் ஆட்கள் பந்தை உதைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் பொய் சொன்னதாகத் தீர்ப்பாகிவிட்டது.

தேடிப் பார்த்தால் ஃபரோ, கிரீன்லாந்து இரண்டுமே டென்மார்க்கின் கீழ்தான் வருகின்றன. ஒன்றுக்கு உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. இது என்ன கணக்கு? நாடே இல்லாதவர்களுக்குத் தனியாக ஒரு உலகக் கோப்பை நடப்பதாகவும் எங்கோ படித்தேன். அது நிஜமா, சும்மா விளையாட்டுக்கு நடத்துவதா?

ஆஃப்சைடு ஆறுமுகம்:

தனி நாடாக இருந்தால்தான் ஃபிஃபாவில் சேர்ப்பார்கள். கிரீன்லாந்து தனி நாடு இல்லை. அவ்வளவுதான் விஷயம். பையனிடம் ஐ.நா. பட்டியலைக் காட்டுங்கள், அதில் இருந்தால் ஊசி, இல்லாவிட்டால் இல்லை.

என்ஃபீல்ட் வாசி:

ஆறுமுகம் அண்ணை, அப்படியென்றால் ஸ்கொட்லாந்தும் வேல்ஸும் எப்படி ஆடுகின்றன? ஐ.நா.வில் 193 நாடுகள், ஃபிஃபாவில் 211 சங்கங்கள். உங்கள் பட்டியலை வைத்தால் பையன் பாதி ஊசியைப் பிடுங்க வேண்டி வரும். மற்றப் பக்கமும் பாருங்கள். பசிபிக்கில் துவாலு 2000ஆம் ஆண்டிலிருந்து ஐ.நா.வில் இருக்கிறது, ஃபிஃபாவில் இல்லை.

பீளமேட்டுத் தம்பி, இது முழுக்க முழுக்க யார் எப்போது கதவைத் தட்டினார்கள் என்ற கதை. ஃபரோக்காரர் 1988இலேயே ஃபிஃபாவுக்குள் போய்விட்டார்கள். அப்போது அவர்களிடமும் சர்வதேசப் போட்டி நடத்தப் புல் மைதானம் இல்லை! 1990 செப்டம்பரில் அவர்களுடைய முதல் ஐரோப்பியத் தகுதிப் போட்டியை "சொந்த ஊர் ஆட்டம்" என்று சொல்லி சுவீடனில் லாண்ட்ஸ்க்ரூனாவில்தான் ஆடினார்கள். எதிரே, அந்த வருடம் இத்தாலியில் நடந்த உலகக் கோப்பையில் ஆடிவிட்டு வந்திருந்த ஆஸ்திரியா. கோல் காப்பாளர் குஞ்சம் வைத்த கம்பளித் தொப்பியோடு நின்றார். 1–0 என்று ஃபரோ வென்றது. பையனுக்கு அந்தத் தொப்பிப் படத்தைத் தேடிக் காட்டுங்கள், நீங்கள் சொன்ன பொய்யை மறந்துவிடுவான்.

பிறகுதான் கதவு இறுகியது. ஐ.நா. ஏற்ற சுதந்திர நாடாக இருந்தால்தான் உள்ளே வரலாம் என்று ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கம் விதியை மாற்றியது. பிரித்தானியாவின் கீழ் இருக்கும் ஜிப்ரால்டர் அந்த மாற்றத்துக்கு முன்பே விண்ணப்பம் போட்டிருந்ததால் விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்கு ஏறி இறங்கி, 2013இல் ஐரோப்பாவிலும் 2016இல் ஃபிஃபாவிலும் இடம் பிடித்தது. செர்பியாவிலிருந்து பிரிந்த கொசோவோவும் அதே 2016 மே மாதம் உள்ளே வந்தது. ஐரோப்பிய வாக்கெடுப்பில் அதற்கு 28 ஆதரவு, 24 எதிர்ப்பு. இரண்டு கை மாறியிருந்தால் சரிசமம்.

கிரீன்லாந்துக்காரர் தட்டப் போனபோது அந்தக் கதவு பூட்டியாகிவிட்டது. ஐரோப்பா இல்லையென்றால் வட அமெரிக்கா என்று திரும்பினார்கள். நிலப்படத்தில் பார்த்தாலும் அவர்கள் அந்தப் பக்கம்தானே. அங்கே மார்ட்டினிக், குவாதலூப் போன்ற பிரெஞ்சுத் தீவுகளை ஃபிஃபாவில் இல்லாமலே அந்தக் கண்டத்துச் சங்கத்தில் சேர்த்திருக்கிறார்கள். அந்தத் தைரியத்தில் 2024இல் விண்ணப்பித்தார்கள். 2025 ஜூனில் ஒருமனதாக வேண்டாம் என்றுவிட்டார்கள். ஒருவர்கூட கை தூக்கவில்லை.

ஆட்டம் இல்லாமல் இல்லை. ஊருக்கும் ஊருக்கும் இடையே வீதி கிடையாது, படகிலும் ஹெலிகொப்டரிலும் வந்து சேர்ந்து, கோடையில் ஒரே வாரத்துக்குள் தேசியச் சாம்பியன் போட்டியை முடித்துக்கொண்டு போகிறார்கள். தீவுகளுக்கிடையே நடக்கும் விளையாட்டு விழாவில் 2013, 2017 இரண்டு முறையும் இறுதிப் போட்டி வரை வந்து தோற்றார்கள். யூடியூபில் உங்கள் பையன் பார்த்தது அந்தச் சனமாகத்தான் இருக்கும்.

தனி உலகக் கோப்பை நிஜம்தான். 2018இல் இலண்டனில் நடந்தபோது நான் இரண்டு ஆட்டம் பார்த்தேன். வேலையால் வந்து எழுதுகிறேன்.

ஆஃப்சைடு ஆறுமுகம்:

ஸ்காட்லாந்து, வேல்ஸ் எல்லாம் ஃபிஃபாவுக்கு முந்தைய கதை, அதை விதிவிலக்காக வைத்திருக்கிறார்கள். அதை வைத்து வாதாடக் கூடாது. துவாலு விஷயம் எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன்.

என்ஃபீல்ட் வாசி:

சரி, இலண்டன் கதை.

கோனிஃபா என்று ஒரு சங்கம், 2013இல் தொடங்கியது. தலைவராக இருந்தவர் வடக்கு ஸ்காண்டிநேவியாவின் சாமி இனத்தவர். ஃபிஃபாவுக்கு வெளியே நிற்கும் நாடுகள், தீவுகள், மொழிச் சிறுபான்மையினர், ஊரை இழந்தவர்கள் எல்லோரும் அதில் சேரலாம். 2014இல் சுவீடனின் ஓஸ்டர்சுண்டில் முதல் உலகக் கோப்பை, பிரான்சின் நீஸ் பகுதி அணி வென்றது. 2016இல் ஜார்ஜியாவிலிருந்து பிரிந்து நிற்கும் அப்காசியா தன் சொந்த மண்ணில் வென்றது. மூன்றாவது 2018இல், பதினாறு அணிகள்.

அந்தமுறை போட்டியை நடத்தியது பராவா. சோமாலியாவின் கடற்கரைப் பட்டினம் அது. ஆனால் ஆட்டம் எல்லாம் இலண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும். நடத்துகிறவர்களின் ஊரில் ஒரு ஆட்டம்கூட இல்லாத உலகக் கோப்பை! முதல் நாள் பராவாவுக்கு எதிரே தமிழீழ அணி, புரொம்லி மைதானத்தில். மாமாவின் மகன் ரயிலில் கூட்டிக்கொண்டு போனான். கனடா, சுவிஸ், இங்கே என்று புலம்பெயர்ந்த பெடியன்களைச் சேர்த்துக் கட்டிய அணி. தோற்றோம், நல்ல தோல்வி. அதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை.

எனக்கு நினைவில் நிற்பது பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பராவாக்காரர். அறுபது வயதிருக்கும், கையில் தேநீர்க் கோப்பை. அவர்கள் பேசும் மொழி சோமாலி இல்லையாம், சுவாஹிலிக்குச் சொந்தக்கார மொழியாம். "என் பேரன் முழுக்க இங்கிலீஷ்தான், கோல் விழுந்தால் மட்டும் எங்கள் பாஷையில் கத்துகிறான்" என்று சொல்லிச் சிரித்தார். அடுத்த கோல் விழுந்ததும் நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அந்தப் பேரனைத்தான் பார்த்தேன். கத்தினான். எங்கள் வலைக்குள் போன கோல்தான், ஆனாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இறுதிப் போட்டி ஜூன் 9, என் வீட்டிலிருந்து நடை தூரத்தில், என்ஃபீல்டில். வடக்கு சைப்ரஸும் கார்பத்தால்யாவும். இந்தப் பக்கம் துருக்கிச் சைப்ரஸ்காரர் நிறையப் பேர் குடியிருப்பதால் ஊர்த் திருவிழா மாதிரி சனம். கார்பத்தால்யா என்பது மேற்கு உக்ரைனில் வாழும் ஹங்கேரிய மொழி பேசுவோரின் அணி. வேறொரு அணி விலகியதால் கடைசி நேரத்தில் இடம் கிடைத்து வந்தவர்கள். 0–0 என்று இழுத்து, பெனால்டியில் 3–2 என்று கோப்பையைத் தூக்கிவிட்டார்கள். இந்த அரங்கே எங்களுடையது என்று வந்த கூட்டம் ஒரு நொடி வாயடைத்துப் போய், பிறகு கைதட்டியது.

"சும்மா விளையாட்டுக்கா" என்று கேட்டீர்களே. கோப்பையோடு போனவர்களுக்கு என்ன நடந்தது தெரியுமா? இது பிரிவினை என்று உக்ரைன் விளையாட்டு அமைச்சர் பாதுகாப்புத் துறையை விசாரிக்கச் சொன்னார். அந்த நாட்டு உதைபந்தாட்டச் சங்கம் ஆட்டக்காரர்களுக்குத் தடை போட்டது. சும்மா விளையாட்டுக்கு யாரும் தடை போடமாட்டார்கள்.

அதற்காக எல்லா அணியையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியாது. பதானியா என்று வட இத்தாலி அணி, கஸ்கேடியா என்று அமெரிக்காவின் வடமேற்கு மூலையும் கனடாவின் ஒரு பகுதியும் சேர்ந்த அணி. நன்றாகத்தான் ஆடினார்கள். ஆனால் தோற்றுவிட்டு வீட்டுக்குப் போகலாம், வீடு அங்கேயே இருக்கிறது. திபெத் அணி இறங்கியபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. இது என் மனக்கோணல் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வரமாட்டேன்.

2020இல் வட மாசிடோனியாவின் ஸ்கோப்யேயில் நடக்க வேண்டியது கொரோனாவில் போனது. அதற்குப் பிறகு ஆண்கள் உலகக் கோப்பை கூடவில்லை. காசு, விசா, இரண்டும்தான் காரணம் என்பது என் ஊகம். கடவுச்சீட்டே சிக்கலான ஆட்களைத்தான் அவர்கள் கூட்டிச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

ஆஃப்சைடு ஆறுமுகம்:

இதனால்தான் சொல்கிறேன், விளையாட்டில் அரசியல் கலக்கக் கூடாது. சான்சிபாரையே பாருங்கள். ஆப்பிரிக்கச் சங்கம் 2017 மார்ச்சில் சேர்த்தது, ஜூலையில் வெளியே அனுப்பிவிட்டது. தான்சானியா ஒரே நாடு, இரண்டு அணி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நாலு மாதம் நம்பிக்கை கொடுத்துப் பிடுங்கியதுதான் மிச்சம்.

இஞ்சி வியாபாரி (குஷால்நகர்):

கலக்கியது யார் என்பதுதான் கேள்வி, ஆறுமுகம் சார். திபெத் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். சொந்த ஊர் தாராபுரம், இஞ்சி கமிஷன் வியாபாரத்துக்காகக் குஷால்நகரில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். பக்கத்திலேயே பைலகுப்பே, 1960களின் தொடக்கத்திலிருந்து திபெத்தியர் குடியிருப்பு. மக்காச்சோளம் போடுவார்கள். சாயங்காலம் லோடு ஏறும்வரை எனக்கு வேலை இருக்காது, மைதானத்து ஓரம் போய் உட்கார்ந்துகொள்வேன். சின்னச் சாமியார்கள் மெரூன் அங்கியை முழங்கால் வரை தூக்கிச் சுருட்டிக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று கூச்சல் போடுவார்கள். பந்து வெளியே வந்தால் ஓடிப் போய் ஒரு உதை உதைத்துத்தான் திருப்பிக் கொடுப்பார்கள்.

குடியிருப்புகளுக்கிடையே ஒரு பெரிய கோப்பை நடக்கிறது, தலாய் லாமாவின் தாயார் நினைவாக. தர்மசாலா, முண்டுகோடு, பைலகுப்பே என்று ஊருக்கு ஊர் போட்டி பயங்கரம். அவர்கள் தேசிய அணிக்கும் இப்படிப்பட்ட ஆட்டங்களிலிருந்துதான் பையன்களை எடுப்பார்கள்.

அந்த அணியின் முதல் பெரிய ஆட்டம் யாரோடு தெரியுமா? கிரீன்லாந்தோடுதான். 2001 ஜூன் 30, கோபன்ஹேகன். ஏற்பாடு செய்தவர் ஒரு டென்மார்க் இளைஞர். ஆட்டம் நடக்கக் கூடாது என்று சீனா டென்மார்க்கை நெருக்கியது. ஆடினால் கிரீன்லாந்திடம் இறால் வாங்க மாட்டோம் என்று மிரட்டல். மீனும் இறாலும் விற்றுத்தான் அந்தத் தீவே பிழைக்கிறது. ஆனாலும் ஆடினார்கள். முதல் கோல் திபெத்துடையது. கடைசியில் 4–1 என்று கிரீன்லாந்து ஜெயித்தது. இங்கே பெரியவர்களிடம் கேட்டால் அந்த ஒரு கோலைத்தான் சொல்வார்கள், மீதி நாலு கோல் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

விசா பற்றி லண்டன் நண்பர் சொன்னது நூற்றுக்கு நூறு. இங்கே பிறந்து வளர்ந்த பையனிடம்கூட பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக மஞ்சள் அட்டை போட்ட அடையாளச் சான்றிதழ்தான் இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு கோல்கீப்பர் அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, அதை இன்னொரு கவரில் போட்டு வைத்திருக்கிறான். ஒவ்வொரு கவுன்ட்டரிலும் இது என்ன புத்தகம் என்று கேட்பார்களாம். 2017இல் பெண்கள் அணி அமெரிக்காவில் ஒரு போட்டிக்குப் போகவிருந்தது. டெல்லியில் தூதரகம் விசா இல்லை என்று அனுப்பிவிட்டது. பந்து ஆடப் போகிறோம் என்பது போதுமான காரணம் இல்லையாம்.

அந்தக் கோல்கீப்பர் நவம்பர் வந்தால் ஆட்டத்துக்கு வரமாட்டான். ஸ்வெட்டர் விற்கக் கோயம்புத்தூர் போய்விடுவான். குளிர்கால வியாபாரம் முடிந்துதான் திரும்புவான், அதனால் இங்கே ஆட்டமே ஸ்வெட்டர் கணக்கை ஒட்டித்தான்.

பீளமேட்டுக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. அந்த ஸ்வெட்டர்க்காரர்களிடம் நாங்கள் வருஷா வருஷம் வாங்குகிறோம். போன டிசம்பரில்கூட முந்நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் பேரம் பேசினேன். எதிரில் நின்றவர் கோல்கீப்பரா என்று யாருக்குத் தெரியும்.

பையனிடம் சொன்னேன். தொப்பிப் படம் பிடித்துப்போய்விட்டது, பிரின்ட் எடுத்து ஒட்டியாயிற்று. கிரீன்லாந்துக்கு வேறு நிற ஊசி வேண்டும் என்றான், கடையில் பச்சை கிடைத்தது. நேற்று ராத்திரி ஒரே ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, திபெத்துக்கு லாசாவில் குத்துவதா பைலகுப்பேயில் குத்துவதா என்று கேட்டான். பைலகுப்பே எங்கள் வரைபடத்தில் இல்லை, மைசூரு மட்டும் இருக்கிறது.

என்ஃபீல்ட் வாசி:

இரண்டு இடத்திலும் குத்தச் சொல்லுங்கோ. பராவாவுக்கு சோமாலியாவில் ஒன்று, இலண்டனில் ஒன்று. எங்களுக்கு எத்தனை என்று கேட்டால் பெட்டியில் எத்தனை ஊசி மிச்சம் என்று பார்த்துச் சொல்லுங்கோ.

ஆஃப்சைடு ஆறுமுகம்:

சுவர் வாடகை வீட்டுச் சுவரா? ஓனரைக் கேட்டுக்கொண்டு குத்தவும்.