ஏலச்சீட்டு கான்ட்ராக்ட்: கழிவு பிரிக்கையில் மொத்தமும் ரிவர்ட் ஆகுது, 9 வெய் மிச்சம் நிக்குது

அம்பை_சாலிடிட்டி

வணக்கம் அண்ணாச்சிமாரே. அம்பாசமுத்திரம் பக்கம் கடைக்காரங்க 21 பேர் சேர்ந்து போடுத ஏலச்சீட்டு மாதிரியே ஒண்ணை சாலிடிட்டியில் (எத்தீரியம் கான்ட்ராக்ட் எழுதுத மொழி) எழுதிப் பழகுதேன். நிஜப் பணம் கிடையாது, செப்போலியாங்கிற சோதனை நெட்வொர்க்கோட டெஸ்ட் ஈதர் மட்டும்தான். 5,000 ரூபாய் தவணைக்குப் பதிலா 0.005 ஈதர். மாசம் மொத்தம் 0.105. ஏலத்துல 0.01725 தள்ளி ஒருத்தர் எடுத்தா, சீட்டு பிடிக்கிறவருக்கு 5 சதவீதம், அதாவது 0.00525 போக, மீதி 0.012 ஈதரை 21 பேருக்கும் கழிவாப் பிரிக்கணும்.

மூணு சிக்கல்:

ஒண்ணு, கழிவை ஃபார் லூப்புக்குள்ள டிரான்ஸ்ஃபர் போட்டு அனுப்புதேன். என் கம்ப்யூட்டர்லயே ஓடுத சோதனை செயின் அன்விலில் அந்த லூப் சுத்தமா ஓடுது. செப்போலியாவில் மொத்தமா ரிவர்ட், அதாவது பரிவர்த்தனை முழுசா ரத்தாகுது. அங்க 20 பேர் சாதாரண மெட்டாமாஸ்க் கணக்கு, ஒருத்தர் மட்டும் மல்டிசிக் வாலட் (பல பேர் கையெழுத்துப் போட்டா மட்டும் காசு நகருத கான்ட்ராக்ட்).

ரெண்டு, அன்விலில் எல்லாருக்கும் பிரிச்ச பிறகும் கான்ட்ராக்டில் 9 வெய் (ஈதரோட ஆகச் சின்ன அலகு) நிக்குது. இருப்பு சுழியம்னு ஒரு ரிக்வயர் (நிபந்தனைச் சோதனை) போட்டிருந்தேன், அது விழுந்துடுது.

மூணு, யார் எவ்வளவு தள்ளுறாங்கன்னு மத்தவங்க பார்க்கக்கூடாது. வேரியபிளை பிரைவேட்னு போட்டாப் போதுமா?

தென்காசிச்சாரல்

முதல் சிக்கலுக்குக் காரணம் அந்த மல்டிசிக்தான். டிரான்ஸ்ஃபர், பெறுகிற கான்ட்ராக்டுக்கு 2,300 கேஸ் (கோடு ஓடுவதற்கான கூலி அலகு) மட்டுமே கொடுக்கும். அந்த வகை வாலட் பெரும்பாலும் ஒரு சின்ன ப்ராக்ஸி, அதாவது வேலையை வேறு கான்ட்ராக்டின் கோடிடம் விடுகிற முகப்பு. காசு வந்ததும் அசல் கோடு எந்த முகவரியில் இருக்கிறது என்று ஸ்டோரேஜில் படிக்கும், பிறகு அந்தக் கோடை ஓட்ட டெலிகேட்கால் என்ற அழைப்பு போகும். 2021 ஏப்ரலில் எத்தீரியத்தில் வந்த பெர்லின் மாற்றத்துக்குப் பிறகு, அதே பரிவர்த்தனையில் அதுவரை தொடாத ஸ்டோரேஜைப் படிக்க 2,100 கேஸ், தொடாத முகவரியை அழைக்க 2,600. இரண்டும் சேர்ந்தாலே 2,300 பறந்துவிடும். அன்விலில் உங்கள் 21 பேரும் சாதாரணக் கணக்குகள், அதனால் அங்கே இது தெரிய வழியே இல்லை.

டிரான்ஸ்ஃபரை எடுத்துவிட்டு, அந்த 2,300 வரம்பு இல்லாத கால் (call) போட்டால் இன்றைக்கு ஓடும். ஆனால் லூப்பை விட்டு வைக்காதீர்கள். நாளைக்கு ஒரு உறுப்பினர் வேண்டுமென்றே காசை மறுக்கிற கான்ட்ராக்டைக் கொண்டுவந்தால் மற்ற 20 பேரின் கழிவும் அவர் கையில் மாட்டிக்கொள்ளும். கான்ட்ராக்ட் யாருக்கும் காசை அனுப்பக் கூடாது, கணக்கு மட்டும் எழுத வேண்டும். அவரவர் வந்து எடுத்துக்கொள்ளட்டும். சீட்டு எடுத்தவரின் 0.08775 ஈதரும் அப்படியே.

எடுக்கும் ஃபங்ஷனில் வரிசை முக்கியம். எவ்வளவு பாக்கி என்று கணக்கிடுங்கள், சுழியமானால் ரிவர்ட். அடுத்து "எடுத்தாயிற்று" என்று ஸ்டோரேஜில் எழுதுங்கள். அதற்குப் பிறகுதான் கால். கால் திருப்பித் தருகிற, வெற்றியா தோல்வியா என்ற பூலியனைப் பார்க்காமல் விட்டால், பணம் போகாமலே கணக்கில் மட்டும் கழிந்துவிடும். எழுதுவதற்கு முன்னால் அனுப்பினால், பெறுகிற கான்ட்ராக்ட் பாதியிலேயே திரும்ப உள்ளே வந்து இன்னொரு தடவை எடுக்கும். 2016 ஜூனில் டிஏஓ என்ற எத்தீரியம் முதலீட்டு நிதியிலிருந்து சுமார் 36 லட்சம் ஈதர் போனது இந்த வரிசை பிசகியதால்தான்.

பேட்டை_டெவ்

தம்பி, அந்த 9 வெய் பிழையே இல்ல, வகுத்தல் மிச்சம். 0.012 ஈதர்னா 12-க்குப் பின்னால 15 சுழியம் வெய். 21-ஆல வகுத்தா ஆளுக்கு 571428571428571. அதைத் திரும்ப 21-ஆல பெருக்கிப் பாருங்க, 9 குறையும். சாலிடிட்டியில தசமம் கிடையாது, கீழ வெட்டிடும்.

வெட்டுறதை மேல ஏத்தி ஆளுக்கு ஒரு வெய் கூடக் குடுக்கலாம்னு மட்டும் நினைச்சிராதீங்க. அப்போ கடைசியா எடுக்க வாறவருக்குக் காசு பத்தாது, அவரு மட்டும் ரிவர்ட் வாங்குவாரு. மிச்சத்தை ஒரு வேரியபிளில் வச்சு, அடுத்த மாசக் கழிவோட கூட்டி, அந்த மொத்தத்தை வகுங்க.

தென்காசிக்காரர் சொன்ன கணக்கையும் 21 பேருக்குத் தனித்தனியா எழுத வேண்டாம். சுழியமா இருக்கிற இடத்துல முதல்தடவை எழுத ஒவ்வொண்ணும் 22,100 கேஸ், 21 பேருக்கு 4,64,100. உங்க சீட்டுல எல்லாருக்கும் சம பங்குதானே? "ஆளுக்கு இதுவரை சேர்ந்த கழிவு"ன்னு ஒரே எண் வைங்க. மாசாமாசம் அதை மட்டும் கூட்டுங்க, ரெண்டாவது மாசத்துலேர்ந்து அந்த எழுத்துக்கு 5,000 கேஸ்தான். எடுக்க வாறவரோட பாக்கி, அந்த எண்ணுலேர்ந்து அவர் ஏற்கெனவே எடுத்தது போக.

இருப்பு சுழியம்ங்கிற ரிக்வயரைத் தூக்கிருங்க. காசு வாங்குத ரிசீவ் ஃபங்ஷன் இல்லாத கான்ட்ராக்டுக்குள்ளயும் செல்ஃப்டிஸ்ட்ரக்ட் (ஒரு கான்ட்ராக்ட் தன் காசைக் கேக்காமலே வேற முகவரிக்குத் தள்ளுத கட்டளை) வழியா எவனும் ஒரு வெய் தள்ளிவிடலாம். அவ்வளவுதான், உங்க சீட்டு பூட்டிக்கிடும். இருப்பு, குடுக்க வேண்டிய மொத்தத்துக்குக் குறையக்கூடாதுன்னு ஃபவுண்ட்ரியில (அன்வில் வாற அதே டூல்கிட்) ஒரு இன்வேரியன்ட் டெஸ்டா, எப்பவும் உடையக்கூடாத விதியா எழுதுங்க. தள்ளுத் தொகையை ஃபஸ் பண்ணுங்க, அதாவது தாறுமாறா மாத்தி மாத்தி ஓட்டுங்க; வழக்கமா 256 தடவை ஓடும், அதைப் பத்தாயிரமா ஏத்துங்க. உறுப்பினர்கள்ல காசை மறுக்கிற கான்ட்ராக்ட் ஒண்ணும், திரும்ப உள்ள நுழையப் பார்க்கிற கான்ட்ராக்ட் ஒண்ணும் கட்டாயம் இருக்கணும். அது இருந்திருந்தா முதல் சிக்கல் வீட்டுலயே பிடிபட்டிருக்கும்.

பொருநைக்கரை

மூன்றாவது கேள்விக்கு: போதாது. பிரைவேட் என்றால் வேறு கான்ட்ராக்ட் அந்தப் பெயரைச் சொல்லிப் படிக்க முடியாது, அவ்வளவே. ஸ்டோரேஜ் ஸ்லாட்டை யார் வேண்டுமானாலும் நோடிடம் (செயினின் நகலை வைத்திருக்கும் கணினி) கேட்டு வாங்கலாம். பரிவர்த்தனை பிளாக்கில் ஏறுவதற்கு முன்பே, காத்திருப்பு வரிசையான மெம்பூலிலும் தெரியும்.

இரண்டு கட்டமாகப் பிரியுங்கள். முதல் நாள் ஹேஷ் (தொகையிலிருந்து கணக்கிடுகிற, திரும்பப் பிரிக்க முடியாத குறியீடு) மட்டும் போடட்டும், அடுத்த நாள் தொகையைத் திறந்து காட்டட்டும். தொகையை மட்டும் ஹேஷ் செய்தால் பயனில்லை. உங்கள் கணக்கில் தள்ளு, சீட்டு பிடிக்கிறவரின் 5 சதவீதமான 5,250 ரூபாய்க்குக் கீழே போகாது. 40,000-ஐ உச்சமாக வைத்து 50, 50 ஆக ஏற்றினால் மொத்தமே 696 எண்கள். அத்தனையையும் ஹேஷ் செய்து ஒப்பிட ஒரு நொடி ஆகாது. ஆகவே 32 பைட் ரேண்டம் சால்ட் (யாரும் ஊகிக்க முடியாத கூடுதல் எண்) சேர வேண்டும். கூடவே உறுப்பினர் முகவரியும் மாத எண்ணும். முகவரி இல்லையென்றால் பக்கத்துக் கடைக்காரர் உங்கள் ஹேஷை அப்படியே நகலெடுத்துப் போட்டு, நீங்கள் திறந்ததும் அதே சால்ட்டால் தானும் திறப்பார். நான்கையும் இடைவெளியில்லாமல் ஒட்டுகிற என்கோட்பேக்டை விட்டு, தனித்தனி இடத்தில் வைக்கிற என்கோடில் கட்டுங்கள்.

அம்பை_சாலிடிட்டி

மல்டிசிக் விஷயம் புரிஞ்சுது, லூப்பைத் தூக்கியாச்சு. இப்போ கழிவு சரியா எடுக்க முடியுது. ஹேஷ் போட்டுட்டு மறுநாள் திறக்காமலே ஒருத்தர் இருந்துட்டா என்ன செய்ய? சால்ட்டைத் தொலைச்சாலும் அதே கதிதானே? 24 மணி நேரக் கெடுவுக்கு பிளாக் டைம்ஸ்டாம்பை நம்பலாமா?

பொருநைக்கரை

நம்பலாம். பிளாக்குகள் 12 நொடி ஸ்லாட்டில் வருகின்றன, நாள் கணக்கான கெடுவுக்கு அந்த வித்தியாசம் ஒன்றுமில்லை. திறக்காதவருக்கு ஹேஷ் போடும்போதே 0.001 ஈதர் முன்பணம் வாங்குங்கள். திறந்தால் அவர் பாக்கிக் கணக்கில் சேரும், திறக்காவிட்டால் அந்த மாதக் கழிவில் சேரும். சால்ட் தொலைந்தாலும் அதே விதிதான், விலக்கு வைத்தால் எல்லாரும் தொலைத்துவிட்டதாகத்தான் சொல்வார்கள். ஒருவரும் திறக்காத மாதத்துக்குக் குலுக்கல் வைக்க பிளாக்கிலிருந்து ரேண்டம் எடுக்காதீர்கள். தனக்குப் பிடிக்காத எண் வந்தால், பிளாக்கை முன்வைக்கிற வேலிடேட்டர் அந்த பிளாக்கைப் போடாமலே விட முடியும். இன்னும் சீட்டு எடுக்காதவர்களில் சேர்ந்த வரிசைப்படி முதல் ஆளுக்குக் குறைந்தபட்சத் தள்ளில் போகட்டும்.

பேட்டை_டெவ்

இன்னொண்ணு. கடைக்காரங்க "நிஜப் பணத்துல ஓட்டுவோம்"னு கேட்டா, கோடு சரியா இருக்குங்கிறதுக்காகச் சரின்னு சொல்லிராதீங்க. 1982 சீட்டு நிதிச் சட்டப்படி அரசோட முன் அனுமதியும் பதிவும் வேணும். அப்புறம் அன்வில் தாற பிரைவேட் கீயெல்லாம் உலகத்துக்கே தெரிஞ்சது. செப்போலியாவுக்குப் புதுசா கீ உருவாக்குங்க, அதைக் கிட் (Git) ரெப்போவுல ஏத்தாம வைங்க.