புதுப்பிப்பு: 400 °செ-யில் வளைவு முன்னதாகவே மடங்கிய சிக்கல் தீர்ந்தது

சிலிக்கான் கார்பைடு இழை – டைட்டானியம் (எடையில் 6% அலுமினியம், 4% வனேடியம் சேர்ந்தது) கலப்புப் பொருளை இழைக்குக் குறுக்காக இழுத்தபோது, 400 °செ-யில் தகைவு–திரிபு வளைவு (பரப்பலகுக்கான விசைக்கு எதிராக நீட்சி விகிதம்) அறை வெப்பநிலையைவிட வெகு முன்னதாகவே மடங்கியது, அதாவது சரிவு திடீரெனக் குறைந்தது, ஏன் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "மடங்கியதும் சுமையை இறக்கிப் பாருங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது.

இறக்கும் கோட்டின் சரிவு தொடக்கச் சரிவைவிடத் தெளிவாகக் குறைவு. ஆனால் சுமை பூச்சியமானபோது திரிபும் ஏறக்குறைய பூச்சியத்துக்கே திரும்பியது. உலோகம் நிரந்தரமாக உருமாறியிருந்தால் சரிவு அப்படியே இருந்து, திரிபு மிஞ்சியிருக்கும். ஆக, இது இழையும் உலோகமும் பிரிவதுதான். அறை வெப்பநிலையில், சுமையோடு வைத்தே விளிம்பில் அசிட்டோன் தொட்ட அசிட்டேட் படலத்தை ஒட்டி, மேற்பரப்பின் அச்சை எடுத்தேன்: இழையைச் சுற்றி, இழுவைத் திசையில் இருபுறமும் பிறை வடிவ இடைவெளி.

காரணம் இதுதான்: இழையின் வெப்ப விரிவு டைட்டானியத்தினுடையதில் ஏறத்தாழ பாதி. தயாரித்துக் குளிரும்போது உலோகம் சுருங்கி இழையை இறுக்கிப் பிடிக்கிறது. சூடாக்கினால் அந்தப் பிடி தளர்கிறது; குறைந்த சுமையிலேயே இடைமுகம் (இழையும் உலோகமும் ஒட்டும் பரப்பு) திறந்துவிடுகிறது. நீளவாக்கில் சுமையை இழைகளே தாங்குவதால் அங்கே சூட்டால் வரும் வீழ்ச்சி மிகக் குறைவு.

எதிர்பாராத ஒன்று: சூடேறும்போது இயந்திரம் இடப்பெயர்ச்சிக் கட்டுப்பாட்டில் (பிடிகள் நகராத நிலையில்) இருந்ததால், விரிய இடமில்லாமல் மாதிரி அமுக்கப்பட்டிருந்தது. பூச்சியச் சுமைக் கட்டுப்பாட்டுக்கு மாற்றி, வெப்பநிலை நிலைத்த பின் 20 நிமிடம் விட்டு, அதற்குப் பிறகே எக்ஸ்டென்சோமீட்டரை (நீட்சியை அளக்கும் கருவியை) பூச்சியமாக்குங்கள்.