வால்-ஈ பார்த்துவிட்டு வால்-ஈ பொம்மை கேட்கிறாள்

காயலான்கடை:
மதுரை அவனியாபுரத்தில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மகளோடு உட்கார்ந்து வால்-ஈ (2008, பிக்சார்) பார்த்தேன். பூமியைக் குப்பையாக்கிவிட்டு மனுஷர்கள் விண்கப்பலேறிப் போய் 700 வருஷம் ஆகிறது. வால்-ஈ என்கிற ஒரு பொடி ரோபோ மட்டும் குப்பையை அமுக்கிக் கட்டி கட்டியாக அடுக்குகிறது. தினமும் வெள்ளக்கல் குப்பைக் கிடங்கைப் பார்க்கிறவனுக்கு அது எதிர்காலமாகவே தெரியவில்லை. அப்புறம், வைர மோதிரத்தை வீசிவிட்டு அது இருந்த டப்பாவை எடுத்து வைத்துக்கொள்கிறதே, அங்கே சத்தமாகச் சிரித்துவிட்டேன். எங்கள் கடையில் செம்பு, பித்தளை பிரிக்கிற பெரியவர், வருகிற சாவிகளை எல்லாம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்க்கிறார். பூட்டு ஒன்றுகூடக் கிடையாது.

படம் முடிந்ததும் மகள், "வால்-ஈ பொம்மை வாங்கித் தாப்பா" என்கிறாள். போனில் தேடினால் விதவிதமாக வருகிறது, எல்லாம் பிளாஸ்டிக். இரண்டு வருஷத்தில் அது எந்தத் தராசுக்கு வரும் என்று எனக்குத் தெரியாதா? வாங்கிக் குவித்துக் கெட்டவர்கள் கதைக்கே பொம்மை விற்றால் என்ன செய்வது?

வில்லாபுரத்துக்காரி:
அண்ணே, படம் கடைக்கே போகாதே என்று சொல்லவில்லையே. பை-என்-லார்ஜ் என்ற ஒரே கம்பெனி கடையும் நடத்துகிறது, ஆட்சியும் நடத்துகிறது. கப்பலில் 'இனி நீலம்தான்' என்று அறிவித்ததும் அத்தனை பேர் உடுப்பும் பட்டென்று நீலமாகிறது. எனக்கு அதுதான் படம். தீபாவளிக்கு முந்தின வாரம் விளக்குத்தூண் ஜவுளிக்கடைப் பக்கம் வந்து பாருங்கள். (நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருப்பேன், அது வேறு.) ஒரே ஒரு பொம்மைதானே, வாங்கிக் கொடுங்கள். பிள்ளை ஏங்கிவிடும்.

செல்லூர்_தறி:
எனக்கு அது காதல் படம். ஈவ் என்கிற வெள்ளை ரோபோ வந்ததும் வால்-ஈ, லைட்டர், பல்பு, குமிழ் பிளாஸ்டிக் என்று சேர்த்ததை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும். சொத்தே அவ்வளவுதான். கடைசியில் நசுங்கிக் கிடக்கும்போது ஈவ், வால்-ஈ சேர்த்து வைத்த பரணிலிருந்து உதிரிபாகத்தை எடுத்து மாட்டித்தானே பிழைக்க வைக்கிறது? கடையையே வைத்துக்கொண்டு போனில் தேடுகிறீர்களே!

காயலான்கடை:
சரி, செய்து பார்த்தேன். எமர்ஜென்சி லைட் டப்பா உடம்பு, இரண்டு டார்ச் தலை கண்கள். கழுத்துக்குப் பெரியவர் கேஸ் அடுப்பு டியூப் வெட்டித் தந்தார். நெஞ்சில் தொங்கவிட ஒரு சாவியும் கொடுத்தார், மனசே இல்லாமல். மகள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வால்-ஈ இல்லப்பா, வால்-ஈயோட தாத்தா" என்றாள். ராத்திரி பக்கத்தில்தான் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

இப்போது ஈவ் வேண்டுமாம். வெள்ளையாக, வழவழவென்று, முட்டை மாதிரி ஏதாவது எடைக்குப் போடுவதாக இருந்தால் சொல்லுங்கள்.