வீட்டுப் பெரியவர்களை எழுந்து நடமாட வைத்த அனுபவங்கள்

மதுரை உறுப்பினர்:
முழங்கால் வலிக்கிறது என்று அம்மா சொன்னதும் அண்ணி சமையலறையை எடுத்துக்கொண்டார், அண்ணன் கடை வேலையை எடுத்துக்கொண்டார், தண்ணீர்ச் செம்பு முதல் மாத்திரை டப்பா வரை எல்லாம் அவர் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டன. எல்லார் வீட்டிலும் நடப்பதுதான் என்பதால் விரித்துச் சொல்லவில்லை. ஒரு மாலை வாசலில் கீரைக்காரம்மாவின் குரல் கேட்டது. அம்மா பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடிகளைப் பற்றி, முன்னும் பின்னும் ஆடி, தம் பிடித்து எழுந்தார்; எழுந்தவர் நடக்காமல், நாற்காலியைப் பிடித்தபடி கண்களை மூடிக்கொண்டு நின்றார். "எந்திரிக்கிறதுக்கே நல்ல நேரம் பாக்க வேண்டியிருக்குடி" என்று அவர் சிரித்தது இன்னும் என்னை உறுத்துகிறது. இப்போது கீரை ஆய்வதையும் பூண்டு உரிப்பதையும் அவரிடமே விட்டிருக்கிறோம்.

கோவை உறுப்பினர்:
மதுரைத் தோழி பொறுத்துக்கொள்ள வேண்டும்: அவை இரண்டுமே உட்கார்ந்து செய்கிற வேலைகள். துணியை மடித்து அலமாரியில் வைப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்றவற்றைக் கொடுத்தால்தான் கால்களுக்கு வேலை இருக்கும்.

என் அப்பா தினமும் காலையில் ரேஸ்கோர்ஸில் நடப்பவர்; அந்த ஒரு நடையைக் கொண்டு மிச்சப் பகல் முழுவதும் தொலைக்காட்சி முன் அமரும் உரிமையைப் பெற்றுவிட்டதாக நினைப்பவர். வீட்டுக்கு வந்த இயன்முறை மருத்துவர், கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடிகளில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று பார்க்கச் சொன்னார். தினம் நடக்கிறவனிடம் இதைக் கேட்பதா என்று தொடங்கிய அப்பாவுக்குச் சற்று நேரத்திலேயே தொடைகள் நடுங்கின. கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்து கைப்பிடியைத் தேடியது. கையை ஊன்றினால் கணக்கில் வராது என்றார் மருத்துவர். நாற்காலியின் உயரம் சரியில்லை என்று அப்பா இன்றுவரை சாதிக்கிறார்.

நெல்லை உறுப்பினர்:
உடற்பயிற்சி என்ற பேச்சை எடுத்தாலே ஆச்சி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆகவே கைபேசியைக் கூடத்தின் மறுகோடியில் வைத்தோம். துபாயிலிருந்து பேரன் அழைத்ததும் எழுந்து போய் எடுத்தவர்கள், பேசிக்கொண்டே கொல்லைக்கு நடந்து, செம்பருத்தியின் மொட்டுகளை ஒவ்வொன்றாகக் காமிராவில் காட்டினார்கள். அப்போது முழங்கால் வலி அவர்கள் நினைவில் இருந்ததாகவே தெரியவில்லை.

சேலம் உறுப்பினர்:
நெல்லை நண்பரின் ஏற்பாடு எனக்கு அச்சமூட்டுகிறது. என் மாமியார், அழைப்பு மணி கேட்டு வேகமாக எழுந்தபோதுதான் தலைசுற்றி விழுந்தார். சாய்ந்த சுவர்தான் இடுப்பெலும்பைக் காப்பாற்றியது.

நெடுநேரம் உட்கார்ந்திருந்தால் ரத்தம் கால்களில் தேங்கும்; கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் அது மேலே ஏறும். ஆகவே கணுக்காலைச் சில முறை மடக்கி நீட்டிய பிறகே எழ வேண்டும், எழுந்தபின் சற்று நின்றே அடியெடுத்து வைக்க வேண்டும். மதுரை அம்மாவுக்குப் படுத்த நிலையிலும், எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள்ளும் ரத்த அழுத்தம் பாருங்கள்; மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கத்தோடு, 3 நாட்களாவது சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. இது கேட்காமல் சொல்லும் யோசனை என்று தெரியும். விழுந்தவரைத் தூக்கியவர்களுக்கு வாய் சும்மா இருக்காது.

கோவை நண்பர் நடையைக் குறைத்துப் பேசுவதும் சரியல்ல. லண்டன் மாடிப் பேருந்துகளில் உட்கார்ந்து ஓட்டியவர்களைவிடப் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு என்று பிரிட்டன் மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மாரிஸ் குழுவினர் 1953-இலேயே லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள்.

கோவை உறுப்பினர்:
அந்த நடத்துநர்கள் காலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு மிச்ச நேரம் உட்கார்ந்துவிடவில்லையே. பணி நேரம் முழுவதும் ஏறி இறங்கினார்கள். நீங்கள் காட்டிய சான்று என் பக்கம்தான் பேசுகிறது. தலைசுற்றல் பற்றிய பகுதியை மட்டும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நாளை ரத்த அழுத்தம் பார்க்கச் சம்மதித்திருக்கிறார், நாற்காலியின் உயரத்தையும் அளக்க வேண்டுமாம்.